நம்ம பிராஞ்ச்காரர் ஒரு உலக சாம்பியன்!

செஸ்ஸுன்னா நமக்கு எதுக்குன்னு ஒதுங்கும் நண்பர்களே! மிகைல் போட்வின்னிக் நம்ம எலெக்ட்ரிக்கல் பிராஞ்ச்! 1911-இல் பீட்டர்ஸ்பர்க் அருகே பிறந்தார். 12 வயதில்தான் ஆடக் கற்றார். 14 வயதில், ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய உலக சாம்பியன் கபாபிளாங்காவை வென்றார். 1948-இல் தானே உலக சாம்பியன். 1951-இல் மின்பொறியியலில் டாக்டர் பட்டம்!

இவர் வழி என்ன? லேப் ரெக்கார்டு எழுதுற மாதிரி, ஆடிய ஆட்டங்களை ஒவ்வொரு நகர்த்தலாக அலசி எழுதினார், அச்சிலும் வெளியிட்டார். தப்பிருந்தால் நாலு பேர் பிடிப்பார்களே, அதற்காகத்தான்!

1957-இல் ஸ்மிஸ்லோவிடம் தோத்தார். 1958-இல் பட்டத்தை மீட்டார். 1960-இல் 23 வயசு தாலிடம் தோத்தார். 1961-இல், தன் 49-ஆம் வயதில், மறுபடி மீட்டார். அரியர் பேப்பரை விடாமல் எழுதி பாஸ் பண்ணுகிற கதைதான்! 1963-இல் பெட்ரோசியனிடம் பட்டம் போனது.

1995-இல் மறைந்தார். கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் இவரது பள்ளியில் பயின்றவர்கள்.

நண்பர்களே, இவர் குறிப்பெழுதிய ஆட்டம் ஒன்றை எடுங்கள். அடுத்த நகர்த்தலைக் கையால் மறைத்து, முதலில் நீங்களே யோசியுங்கள். அப்புறம் குறிப்பைப் படியுங்கள். நாம தோத்த ஆட்டத்தையும் அப்படியே எழுதிப் பார்ப்போமே!