கல்லறைக் கல்லில் ரொட்டி சுட்டவர்... உங்க ஓவன் பட்டன்களுக்குப் பின்னால் இருக்கும் கவுண்ட் ரம்ஃபோர்டு!

1782-ம் வருடம். அமெரிக்க சுதந்திரப் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் ஹண்டிங்டன் என்று ஒரு ஊர். அந்த ஊர் இடுகாட்டின் மேலேயே ஒரு பிரிட்டிஷ் படை கோட்டை கட்டுகிறது. வீரர்களுக்கு ரொட்டி சுட அடுப்பு வேண்டுமே? கல்லறைக் கற்களைப் பெயர்த்து எடுத்து அடுப்புக்குத் தளம் போட்டுவிட்டார்கள். அதில் வெந்து வந்த ரொட்டிகளின் அடியில், செத்துப்போனவர்களின் பெயர்கள் இடவலம் மாறி அச்சாகியிருந்தன என்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்கிறார்கள்.

அந்தப் படைக்குத் தளபதியாக இருந்தவர் பெஞ்சமின் தாம்சன். வயது 29. அவர் பிறந்ததும் அமெரிக்காவில்தான். சொந்த ஊர்க்காரர்களின் தாத்தா பாட்டி கல்லறையில் அடுப்பு போட்ட இதே ஆள்தான் பின்னாளில் கவுண்ட் ரம்ஃபோர்டு ஆகி, ஐரோப்பாவின் சமையலறைகளைத் தலைகீழாக மாற்றினார். இன்றைக்கு உங்கள் மல்டி ஃபங்ஷன் ஓவனில் இருக்கும் பல மோடுகளின் வேலையை, கரன்ட் இல்லாத காலத்திலேயே ஓர் இரும்பு உருளையை வைத்துச் செய்துகாட்டிய மனுஷன் இவர். (கவுண்ட் என்பது பட்டம். நம்ம ஊர் சினிமாவின் கவுண்டர் இல்லை!)

1753-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வோபர்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் பெஞ்சமின். இரண்டு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். 13 வயதில் சேலம் நகரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்தார்கள். பையனுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஈடுபாடு இல்லை. வாணவெடி செய்கிறேன் என்று மருந்தைக் கலந்து, அது வெடித்து, உடம்பெல்லாம் தீக்காயம். நெருப்போடு அவருக்கு முதல் அறிமுகம் அப்படித்தான்.

19 வயதில் நியூ ஹாம்ப்ஷயரில் வாத்தியார் வேலை. அங்கே தன்னைவிட ஏறக்குறைய 14 வயது மூத்த, பணக்கார விதவையான சாராவைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே ராத்திரியில் வாழ்க்கை மாறிய மாதிரி. நிலம், அந்தஸ்து, கவர்னரின் நட்பு, ராணுவத்தில் மேஜர் பதவி எல்லாம் வந்தன. 1774-ல் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால், ஊர் முழுக்க ராஜாவுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தபோது இவர் ராஜா பக்கம் என்பது தெரிந்துவிட்டது. கும்பல் ஒன்று வீட்டைச் சூழ, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத் தப்பித்தார். பிறகு பிரிட்டிஷ் தளபதிக்கு, கண்ணுக்குத் தெரியாத மையில் உளவுக் கடிதம் எழுதினார். 1776-ல் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். மனைவியை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1792-ல் அந்த அம்மா இறந்துபோனார். மகளைப் பார்த்ததோ 1796-ல். அப்போது அவளுக்கு 20 வயது தாண்டிவிட்டது.

இந்த ஆளை நல்லவர் என்று நம்மால் எழுத முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

மியூனிக்கில் ஒரு சூப் பாத்திரம்

1784-ல் இங்கிலாந்து ராஜாவிடம் சர் பட்டம் வாங்கிக்கொண்டு, ஜெர்மனியின் பவேரியாவில் கார்ல் தியோடர் என்ற ஆட்சியாளரிடம் வேலைக்குப் போனார். ராணுவத்தைச் சீர்திருத்தும் வேலை. வீரர்களுக்கு எந்தத் துணி குளிர் தாங்கும் என்று ஆராயப்போய், துணி இழைகளுக்கு நடுவே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பாதுகாக்கிறது என்று கண்டுபிடித்தார். இந்த ஒரு விஷயம்தான் ஓவன் கதைக்கே அஸ்திவாரம். அசையாத காற்று சூட்டைச் சட்டெனக் கடத்தாது. அதே காற்று ஓட ஆரம்பித்தால், சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

இதில் ரசிக்கிற மாதிரி ஒரு சம்பவமும் உண்டு. கெட்டியான அரிசி சூப் மேலே ஆறியிருக்கிறதே என்று ஸ்பூனை ஆழமாக விட்டு எடுத்து வாயில் வைத்தார். வாய் வெந்துவிட்டது. தண்ணியான சூப் என்றால் மேலும் கீழும் சுழன்று ஒரே சீராக ஆறியிருக்கும். கெட்டியானது சுழலவில்லை, சூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. திரவமும் காற்றும் சுழன்று சுழன்றுதான் சூட்டைப் பரப்புகின்றன என்ற முடிவுக்கு வந்தார். இன்றைக்கு அதற்குப் பெயர் கன்வெக்‌ஷன். ஆமாம், உங்க ஓவன் கதவில் பெருமையாக ஒட்டியிருக்கும் அதே வார்த்தை.

இப்போது உங்கள் ஓவனைப் பாருங்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்ட சின்னம் இருந்தால், அது சாதாரண பேக்கிங். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சூடாகும், காற்று தானாக மெதுவாகச் சுழலும். மிருதுவான கேக்குக்கு இதுதான் தோதானது. ஒரே ஒரு தட்டை நடுத்தட்டில் வைக்க வேண்டும். விசிறிச் சின்னம் என்றால், ஃபேன் காற்றைத் துரத்தித் துரத்திப் பாத்திரத்தின் மேல் அடிக்கும். சூடு வேகமாக ஏறும், மேல்பரப்பு சீக்கிரம் காயும், சிவக்கும். இரண்டு தட்டு பிஸ்கட்டை ஒரே நேரத்தில் வைக்கலாம். அதனால்தான் ரெசிபியில் 180 டிகிரி என்று சாதாரண ஓவனுக்குச் சொல்லியிருந்தால், ஃபேன் மோடில் 160 வைக்கச் சொல்கிறார்கள். இதைக் குறைக்காமல் விட்டால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். கேக் சரியாக வரவில்லை என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் முதலில் இந்த 20 டிகிரியைக் கவனிக்கலாம்.

மியூனிக்குக்கு வருவோம். 1790 ஜனவரி 1 அன்று, நகரத்தின் பிச்சைக்காரர்களையெல்லாம் பிடிக்க உத்தரவு போட்டார் தாம்சன். பிடித்து வந்தவர்களை ஒரு வேலை இல்லத்தில் வைத்து, ராணுவத்துக்குச் சீருடை தைக்கவைத்தார். சூடான அறை, சம்பளம், சாப்பாடு எல்லாம் கொடுத்தார். இதை அந்தக் காலத்தில் பெரிய புண்ணியமாகப் புகழ்ந்தார்கள். கருணையா, கைதா என்று கேட்டால், இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குத் தினமும் சமைக்க வேண்டும். விறகு விலையோ எகிறுகிறது. அவருடைய ஓவன் ஆராய்ச்சிக்குக் காரணம் இதுதான், ருசி கிடையாது. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டு நேரம் பிடித்து வேகவைக்கும் மலிவான சூப் ஒன்றை உருவாக்கினார். அது ரம்ஃபோர்டு சூப் என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கப் போனது. உருளைக்கிழங்கு என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த காலம் அது. ஆரம்பத்தில் அது சேர்ந்திருப்பதே தெரியாமல் கரையவிட்டுத்தான் பரிமாறினார்கள்.

அந்த இல்லத்தில்தான் அந்த ஆட்டுக்கறி சம்பவமும் நடந்தது. உருளைக்கிழங்கு உலர்த்துகிற ஒரு பெட்டியில், மிதமான சூட்டில் கறி வேகுமா என்று பார்க்க ஆட்டின் தோள்பட்டைக் கறியை வைத்தார். மூன்று மணி நேரம் ஆகியும் வேகவில்லை. வெறுத்துப்போய்ச் சமையல் பெண்களிடம் விட்டுவிட்டார். அவர்களும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அப்படியே பெட்டியில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால், கறி பஞ்சு மாதிரி வெந்து, சாறு வற்றாமல் இருக்கிறது! கொதிநிலைக்குக் கீழேயே, நேரம் கொடுத்தால் போதும் என்பது புரிந்தது. இறுகிய தசைநார் மெல்ல மெல்ல இளகிக் கூழாவதுதான் ரகசியம். சில ஓவன்களில் ஸ்லோ குக் என்று இருப்பது இதுதான். ஒரு எச்சரிக்கை: ரம்ஃபோர்டு மாதிரி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து, கோழிக்கறியின் நடுவில் 74 டிகிரி வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த இரும்பு உருளை

1790-களில் அவர் வடிவமைத்த ரோஸ்டர்தான் இந்தக் கதையின் ஹீரோ. அதுவரை கறியைக் கம்பியில் குத்தி, திறந்த நெருப்புக்கு முன்னால் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும், மீதிச் சூட்டில் சமைக்கிறவர் வேகுவார்.

ரம்ஃபோர்டு என்ன செய்தார்? இரும்புத் தகட்டில் ஓர் உருளை. செங்கல் சுவருக்குள் அதைப் படுக்கவைத்து, கீழே சின்னதாக ஒரு நெருப்பு. புகை உருளையைச் சுற்றிக்கொண்டு வெளியேறும், உள்ளே வராது. நெருப்புக்கு நடுவே இரண்டு குழாய்கள் போய், பின்பக்கமாக உருளைக்குள் திறக்கும். முன்பக்கம் அவற்றுக்கு மூடி உண்டு. உருளையின் மேலே ஆவி வெளியேற ஒரு குழாய், அதற்கும் மூடி.

முதலில் எல்லா மூடியும் அடைத்திருக்கும். கறி தன் ஆவியிலேயே ஈரப்பதத்தோடு வேகும். வெந்ததும் நெருப்பைத் தூண்டிவிட்டு, மேலேயும் கீழேயும் மூடிகளைத் திறப்பார்கள். கொதிக்கிற காற்று குழாய் வழியாகச் சீறிக்கொண்டு பாய்ந்து, கறியின் மேல்பரப்பைச் சிவக்க வறுத்துவிட்டு மேலே வெளியேறும். ஸ்டீம் மோடு, அப்புறம் கன்வெக்‌ஷன் மோடு. 200 வருடத்துக்கு முன்னாலேயே, வெறும் மூடிகளை வைத்தே! சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கில்லாடி.

வீட்டில் முழுக் கோழி வைக்கிறீர்கள் என்றால் இதே வரிசையைப் பின்பற்றலாம். முதலில் ஃபாயில் மூடி மிதமான சூட்டில் வேகவிடுங்கள். பிறகு ஃபாயிலைப் பிரித்து, சூட்டை ஏற்றி ஃபேன் மோடு. மேலே மட்டும் வளைவு வளைவாகக் கோடு போட்ட கிரில் மோடு கடைசி சில நிமிடங்களுக்கு மட்டும். கிரில்லில் மேல் கம்பியிலிருந்து சூடு நேராக இறங்கும், தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. பச்சைக் கறியை எடுத்ததுமே கிரில்லில் வைத்தால் வெளியே கரி, உள்ளே ரத்தம். இன்னொரு டிப்ஸும் ரம்ஃபோர்டிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கொழுப்பு சொட்டுகிற தட்டுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்படி வைத்தார், கொழுப்பு எரிந்து புகையாமல் இருக்க. கிரில் ரேக்குக்குக் கீழே உள்ள தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வீடு புகைமண்டலம் ஆகாது.

மைக்ரோவேவ் மோடு மட்டும் இவர் கணக்கில் வராது, அது 20-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஆனால், அதன் தத்துவத்துக்கும் இவருக்கும் உறவு உண்டு. சூடு என்பது ஒரு கண்ணுக்குத் தெரியாத திரவம் என்றுதான் அப்போதைய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். மியூனிக் ஆயுதக் கிடங்கில் பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் சூட்டை வைத்து, சுற்றி ஊற்றிய தண்ணீரை நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் கொதிக்கவைத்தார். சூடு ஒரு பொருள் இல்லை, அசைவு என்று 1798-ல் எழுதினார். மைக்ரோவேவில் நடப்பதும் அசைவுதான். உணவில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் அதிர்ந்து சூடாகின்றன. முக்கியமாக ஈரம் இருக்கும் இடம்தான் சூடாகும், அதனால் இந்த மோடில் பெரும்பாலான உணவுகள் மொறுமொறுப்பாகாது. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் மைக்ரோவேவும் கிரில்லும் சேர்ந்த காம்பி மோடு. உலோகத் தட்டு, ஃபாயில் எல்லாம் கன்வெக்‌ஷனுக்கு மட்டும். மைக்ரோவேவ் ஓடும் எந்த மோடிலும், கம்பெனி கொடுத்த ரேக் தவிர வேறு உலோகம் கூடாது.

பூச்செடியில் வெந்நீர்

லண்டனில் அவர் திருத்திக் கட்டிய கணப்பு அடுப்புகள் ஃபேஷனாகவே ஆகின. ஜேன் ஆஸ்டின் நாவலில்கூட ரம்ஃபோர்டு அடுப்பு வருகிறது. 1799-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் தொடங்கக் காரணமாக இருந்தார். ஹம்ஃப்ரி டேவியை அங்கே வேலைக்குக் கொண்டுவந்ததும் இவரே. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஊருக்கு இவ்வளவு தாராளமான ஆள், பக்கத்தில் இருப்பவர்களோடு மட்டும் ஒத்துப்போகவே மாட்டார். இன்ஸ்டிட்யூஷன் நிர்வாகிகளோடு மனஸ்தாபம், 1802-ல் லண்டனை விட்டே கிளம்பினார்.

1805-ல் பாரிஸில் மரி ஆன் லவாய்சியரைத் திருமணம் செய்தார். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட, வேதியியல் மேதை லவாய்சியரின் மனைவி. சூடு ஒரு திரவம் என்று சொன்ன மேதையின் மனைவிக்கும், அதைத் தப்பு என்று சொன்னவருக்கும் கல்யாணம்! அவருக்கு விருந்தும் ஆட்களும் வேண்டும், இவருக்கு அமைதி வேண்டும். ஒருநாள் விருந்தாளிகளை உள்ளே விடாமல் இவர் கேட்டைப் பூட்டிவிட, ஆத்திரத்தில் அவர் இவருடைய பூச்செடிகள் மேல் வெந்நீரைக் கொட்டினார். வாழ்நாள் முழுக்கச் சூட்டை ஆராய்ந்தவருக்கு இப்படி ஒரு பதில்! 1809-ல் பிரிந்தார்கள். 1814 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸை ஒட்டிய ஒத்தூயில் காலமானார்.

ரோஸ்டர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதைச் சுவரோடு சேர்த்துக் கட்ட விவரம் தெரிந்த கொத்தனார் வேண்டும். கடையில் வாங்கி வைத்துவிடும் வார்ப்பிரும்பு அடுப்புகள் வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆனாலும், நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் நகரத்தில், 1807-ல் ஒரு வியாபாரி கட்டிய ரண்ட்லெட்-மே இல்லத்தின் சமையலறையில் ஒரு ரம்ஃபோர்டு ரோஸ்டர் இன்னமும் சுவருக்குள் இருக்கிறது. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு அவர் ஓடிவந்த அதே நியூ ஹாம்ப்ஷயர்.