பதறாத காரியம் சிதறாது: தொழிற்சங்கத் தலைவர் பி. பி. நாராயணன்



அவசர முடிவினால் வரும் நட்டம் இன்னதென்று கடை வைத்திருக்கும் நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறப் போகிறது என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கி, மறுவாரமே தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் நம்மில் உண்டு. ஒரு மாதப் பாக்கி வரவில்லை என்று பற்றை நிறுத்தி, இருபது வருட வாடிக்கையை ஒரே நாளில் இழந்தவரும் உண்டு. ஆகவே, நிதானத்தையே முதலாக வைத்துப் பெரிய காரியங்களைச் சாதித்த ஒருவரின் வாழ்க்கையை இவ்விதழில் எடுத்துக் கூற விரும்புகிறோம். அவர் வணிகர் அல்லர். நம் சமூகத்தவரும் அல்லர். ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களை நம்பிக் கடை நடத்திய நம் முன்னோரின் பேரேடுகளுக்கும் அவர் செய்த பணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவரே தோட்டத் தொழிலாளர் தலைவர் பி. பி. நாராயணன்.

நாராயணன் 1923ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். இளமையிலேயே மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது தோட்டங்கள் கிடந்த நிலையை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர்களில் திரும்பாதோர் பல்லாயிரவர். திரும்பி வந்தவர்களுக்கோ அரிசி இல்லை, துணி இல்லை. வாங்கும் கூலி பழைய கூலி. விற்கும் விலையோ புதிய விலை. லயங்களில் அடக்கி வைத்திருந்த கோபம் வெளியே வந்ததில் வியப்பில்லை. எங்கு பார்த்தாலும் வேலைநிறுத்தம்; எந்தக் கூட்டத்திலும் ஆவேசப் பேச்சு.

அந்தச் சூழ்நிலையில் உருவானதுதான் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம். அதன் செயலாளராகப் பொறுப்பேற்றபோது நாராயணன் இருபதைத் தாண்டிய இளைஞர். ரந்தாவ், லிங்கி, லாபு, மந்தின், பகாவ், தம்பின் என்று தோட்டங்கள் சூழ்ந்த மாநிலம் அது. அன்று மலாயா முழுவதிலும் பெரும் செல்வாக்குடன் விளங்கிய தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு இணைந்துவிடாமல், இச்சங்கம் தனித்து நின்றது. முதலில் கணக்கைத் திரட்டுவது, பின்பு முதலாளிமாரோடு உட்கார்ந்து பேசுவது, வேறு வழியே இல்லாதபோதுதான் வேலையை நிறுத்துவது. இதுவே நாராயணன் தம் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட வழியாகும்.

இந்த வழி எத்தனை கடினமானது என்பதை 1948 காட்டிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்றாலே கம்யூனிஸ்ட் என்று முடிவு கட்டும் அதிகாரிகள் ஒரு புறம். சங்கத்தில் பெயர் கொடுத்தால் போலீஸ் வந்துவிடும் என்று அஞ்சிய தொழிலாளர் மறு புறம். இரு தரப்பாரும் ஆராயாமல் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்ன காலம் அது. பதறி ஓடியவர் பலர். நாராயணனோ சங்கத்தைக் கலைக்கவுமில்லை, காட்டுக்குள் போகவுமில்லை. சட்டம் இடம் கொடுத்த அளவுக்குள் நின்று, சங்கம் வேறு, ஆயுதப் போராட்டம் வேறு என்பதைத் தம் நடத்தையால் நிலைநாட்டினார். 1950இல் மலாயாத் தொழிற்சங்கக் கவுன்சில் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே.

அடுத்து நேர்ந்தது விலைச் சோதனை. 1950 ஜூனில் கொரியா யுத்தம் மூண்டது. ரப்பர் விலை கிடுகிடுவென ஏறி, 1951 தொடக்கத்தில் ராத்தல் 2 வெள்ளிக்கும் மேலே போயிற்று. 1953க்குள் அதே ராத்தல் 1 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. ஏறும்போது கூலியும் ஏறும், இறங்கும்போது கூலியும் இறங்கும். விலை உச்சியில் நிற்கும்போது கேட்ட அனைத்தும் நியாயமாகத் தோன்றும். விலை சரியும்போது உள்ளதையும் விட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவு செய்பவன் நாளை ஏமாறுவான் என்பது கடைக்காரருக்குத் தெரிந்த பாடம். இத்தகைய பேரத்தில் உரத்த குரலைக் காட்டிலும் கூட்டல் கழித்தலே கைகொடுக்கும்.

தனித்தனியாக நின்று பேரம் பேசினால் பலன் குறைவு என்பதை உணர்ந்த ஐந்து சங்கங்கள் 1954இல் ஒன்றாயின. அதுவே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். முப்பத்தொரு வயதில் நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். தமிழர், மலையாளிகள், தெலுங்கர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லா இனத்தாரும் உறுப்பினராகிய அச்சங்கம், நாட்டிலேயே மிகப் பெரிய தொழிற்சங்கமாக நெடுங்காலம் விளங்கியது.

இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். பெரட்டில் ஆள் குறைந்தால் அது நம் கல்லாவில் தெரியும். ஒரு தோட்டத்தில் ஒரு வாரம் வேலை நின்றால், அந்த வாரம் அரிசியும் பருப்பும் கருவாடும் பற்றில்தான் போகும். மாதச் சம்பள நாளில் பாதிப் பாக்கி கூட வசூலாகாது. கடைக்காரர் தமக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்குச் சொல்லும் தவணையும் தள்ளிப் போகும். ஒரு தலைவர் கோபத்தில் சொல்லும் ஒரு சொல், லயத்து அடுப்பிலிருந்து சிரம்பான் மண்டிக்கடை வரை எட்டிவிடும். அதனால்தான், கூலி உயர்வு நிதானமாகப் பேசிப் பெறப்பட்ட ஒவ்வொரு முறையும் தொழிலாளியோடு கடைக்காரரும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

எனினும் நாராயணன் மீது சொல்லப்பட்ட குறையை நாம் மறைப்பதற்கில்லை. அவர் முதலாளிமாரிடம் அளவுக்கு மீறி மென்மையாக நடந்தார் என்றும், பேச்சுவார்த்தை பேச்சுவார்த்தை என்று காலம் கடத்தியதால் தோட்டக் கூலி பிற தொழில்களின் கூலியை எட்டவே இல்லை என்றும் பலர் கண்டித்தனர். நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அவர் காலத்தில் கைகூடவில்லை. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. கண்டனத்தில் உண்மை உண்டு. யோசிப்பது வேறு, ஒத்திப் போடுவது வேறு. எடை பார்க்கும் வரை தராசு ஆடலாம். ஆடிக்கொண்டே இருந்தால் வாடிக்கையாளர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் தராசின் மறு தட்டையும் பார்ப்பதே நீதி. அவசரகாலத்தின் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ சங்கங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. நாராயணன் கட்டிய சங்கம் நிலைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளியின் சார்பில் துரைமாரோடு ஒரே மேசையில் சரிசமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும் வழக்கம் வேரூன்றியது. அவ்வழக்கம் ஆத்திரத்தில் பிறந்திருக்க இயலாது.

உலகமும் அவரை மதித்தது. 1962இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலக சம்மேளனம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே. இத்தனை பெருமைக்குப் பின்னும் தோட்டச் சங்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பை அவர் விட்டுவிடவில்லை. 1996இல் காலமாகும் வரை அதிலேயே இருந்தார்.

அவர் தொண்டு தொடங்கிய மாநிலத்தின் மரபையும் இங்கு நினைக்கிறோம். நெகிரி செம்பிலானில் அரசரே பிறப்புரிமையால் மட்டும் வருவதில்லை. அரச குடும்பத்திலிருந்து ஒருவரை உண்டாங் எனப்படும் தலைவர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். கலந்து பேசி ஒருமனப்படுவதை மலாய்க்காரர் முவாஃபகாத் என்பர். நம் வீடுகளில் மஷூரா என்போம். பெயர்தான் வேறு.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பற்றுக் கணக்கு நோட்டு மறைந்து கைத்தொலைபேசியில் கணக்கு வந்துவிட்டது. விரல் பட்டதும் சரக்கு வாங்கவும், விரல் பட்டதும் ஒருவர் பெயரைக் கெடுக்கவும் வசதி வந்திருக்கும் காலத்தில் நிதானத்தின் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. பங்காளி மீது சந்தேகம் வந்தால் அன்றிரவே பிரியாமல் கணக்கை இருவரும் சேர்ந்து ஒரு முறை பார்ப்போம். பாக்கி வைத்தவர் வராவிட்டால் பெயரை அடிப்பதற்கு முன் அவர் வீட்டு நிலையை விசாரிப்போம். சங்கக் கூட்டத்தில் கோபம் வந்தால் வாக்கெடுப்பை மறுநாளைக்கு வைப்போம். ஆனால் மறுநாள் கட்டாயம் வைப்போம். நாராயணன் வாழ்க்கையின் நிறையும் குறையும் சேர்ந்து நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.