பல்லில் ஆசிட் தடவிய டாக்டர்... சொத்தைப் பல் சிகிச்சையையே மாற்றிய '30 விநாடி'! யார் இந்த மைக்கேல் புவோனோகோர்?

சொத்தைப் பல்லை அடைக்கப் போயிருக்கிறீர்களா? பல் நிறத்திலேயே அடைக்கும்போது, டாக்டர் முதலில் ஜெல் மாதிரி ஒன்றைப் பல்லில் தடவுவார். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சில விநாடிகளில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார். அது என்ன தெரியுமா? பாஸ்பாரிக் ஆசிட்!

பல்லைக் காப்பாற்ற ஆசிட்டா? முதன்முதலில் இதைச் சொன்னபோது பல் மருத்துவ உலகமே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சொன்னவர் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர். 1918-ல் பிறந்தவர். கோடாக் கேமரா புகழ் ஜார்ஜ் ஈஸ்ட்மேனின் நிதியில் உருவான, நியூயார்க் மாகாணம் ராசெஸ்டர் நகரப் பல் மருத்துவ மையத்தில் ஆராய்ச்சி செய்தவர்.

அப்போது என்ன பிரச்னை?

அந்தக் காலத்தில் ஃபில்லிங் பல்லோடு ஒட்டாது. அது கழன்று வராமல் இருக்க, வாய் குறுகி உள்ளே அகன்ற குழியாகப் பல்லைக் குடைய வேண்டும். சொத்தை கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் நல்ல பல்லும் சேர்ந்து போகும். மிச்சமிருக்கும் சுவர் மெலிந்து, ஏதாவது கடிக்கும்போது ஒருநாள் விரிசல் விடும். அடைத்த பல்லே உடைவது இப்படித்தான்.

பெயின்ட் வேலையில் கிடைத்த யோசனை

பழைய சுவரில் பூசுவதற்கு முன் கொத்தனார் அதைக் கொத்திவிடுவார். வழவழப்பான பரப்பில் கலவை பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சாலைகளிலும் உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க, பாஸ்பாரிக் ஆசிட்டால் பரப்பைப் பதப்படுத்துவார்கள். இதையே பல்லில் செய்தால் என்ன என்று யோசித்தார் புவோனோகோர்.

85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை 30 விநாடி பல்லில் வைத்துக் கழுவினார். அதன்மேல் அக்ரிலிக் துளியை ஒட்டவைத்தார். ஆசிட் படாத பல்லில் துளி சீக்கிரமே விழுந்துவிட்டது. ஆசிட் பட்ட பல்லிலோ வாரக்கணக்கில் நின்றது. 1955-ல் இந்த முடிவை வெளியிட்டார்.

காரணம் என்ன? பல்லின் மேல்பூச்சான எனாமலில், எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். ஆசிட் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. திரவமாக இறங்கும் பிசின் அதற்குள் புகுந்து, வேர் விட்ட மாதிரி இறுகிவிடுகிறது. 1960-களின் பிற்பகுதியில் நுண்ணோக்கியில் இது உறுதியானது.

10 ஆண்டு காத்திருப்பு

அந்தக் கால அக்ரிலிக் தரமாக இல்லாததால், யோசனை கிட்டத்தட்ட 10 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1962-ல் ரஃபேல் போவன் புதுவகைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1967-ல் புவோனோகோரும் உடன் ஆய்வாளரும், கடைவாய்ப் பல் பள்ளங்களைப் பிசினால் மூடிச் சொத்தையைத் தடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று பல் சீரமைப்புக்கான கிளிப்பை நேரடியாகப் பல்லில் ஒட்டுவதும் இதே வழியில்தான்.

அவருக்குப் பிடிபடாத ஒன்று

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு மாதிரி. ஈரமும் புரத இழைகளும் கலந்தது. 1956-லேயே அதிலும் ஒட்ட முயன்றார். ஈரத்தில் பிடிப்பு நிற்கவில்லை. பிசின் அந்தப் புரத வலைக்குள் ஊறிக் கலப்பு அடுக்காக மாறினால்தான் பிடிப்பு வரும் என்று ஜப்பானின் நகாபயாஷி 1982-ல் விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே புவோனோகோர் காலமாகிவிட்டார்.

அந்தச் சிக்கல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ரூட் கெனால் செய்து பலவீனமான பல்லில் கம்பி வைத்து சிமென்டால் ஒட்டும்போது, ஒட்டவேண்டிய இடம் வேருக்குள் இருக்கும் டென்டின். அங்கே ஆழத்தில் வெளிச்சம் போவது கஷ்டம். வேரைக் கழுவப் பயன்படுத்தும் ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தாலும் பிசின் சரியாக இறுகாது. அதனால் சிமென்ட் எது என்பதோடு, பரப்பை எப்படித் தயார் செய்தார்கள் என்பதும் முக்கியம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

ஆசிட் வைத்துக் கழுவிய பல்லில் எச்சில் பட்டால் நுண்குழிகள் அடைபட்டு, பிடிப்பு குறையும். பஞ்சு வைத்து, வாயை மூடாதீர்கள் என்று டாக்டர் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சில நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஆசிட் நல்லதுதானே என்று வீட்டில் எலுமிச்சையை வைத்துப் பல்லைத் தேய்க்கக் கூடாது. டாக்டர் அரித்த இடத்தை உடனே பிசினால் மூடிவிடுகிறார். வீட்டில் அரித்தால் எனாமல் போனது போனதுதான்!