தொழிலாளர் நலம் காத்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பி என நாம் அனைவரும் அறிவோம். நாடு விடுதலை பெறுவதற்கு முன் நான்காண்டுக் காலம் அவர் இந்தியத் தொழிலாளர் துறையைத் தாங்கி நின்றதை நம்முள் பலர் அறிந்திலர். கல்லும் மண்ணும் சுமந்து, சாரமேறிப் பிழைத்த பெற்றோரின் பிள்ளைகளாகிய நாம் அவசியம் அறிய வேண்டிய பகுதி அது.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைக்குடியிருப்பில் பிறந்த அண்ணல், பம்பாய்ப் பரேலில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில் வளர்ந்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்ற பின்னரும் அவ்வாழ்வை மறந்தாரல்லர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார். அறிக்கைகளைப் படிப்பதோடு அமையாது, தாமே சுரங்கத்தின் அடியில் இறங்கி, தொழிலாளர் உழைக்கும் நிலையை நேரிற் கண்டார். மறு மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரியின் மீது தீர்வை விதித்துத் தொழிலாளர் நல நிதி காணும் அவசரச் சட்டம் பிறந்தது.

அவர் மீது குறை கூறப்பட்ட முடிவும் ஒன்றுண்டு. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டினால், பெண்கள் சுரங்கத்தினுள் வேலை செய்வதற்கிருந்த தடை 1943இல் தளர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. ஆணுக்கு நிகரான கூலி பெண்ணுக்கும் வேண்டுமென்பதில் அண்ணல் உறுதியாக நின்றார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே ஆலைகளில் வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்னும் திருத்தமும் நிறைவேறியது.

சட்டம் ஏட்டில் இருந்தாற் போதுமா? அதைச் செயற்படுத்த ஆள் வேண்டுமன்றோ? 1945 ஏப்ரலில், அவர் துறையின்கீழ், தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு நிறுவப்பட்டது. தொழிலாளர் சட்டங்கள் காக்கப்படுகின்றனவா எனப் பார்க்கும் ஆய்வாளர்கள் அதன்வழி வந்தனர். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார், அவ்வமைப்பு மறையவில்லை. 1996இல் கட்டுமானத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டபோது, மத்திய அரசின் கட்டுமானப் பணிகளில் அதனைச் செயற்படுத்தும் கடமை அவ்வமைப்பையே சேர்ந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்றேனும் தீர்வையாகப் பெற்று நல நிதி சேர்க்கும் வழியும் அப்போது வகுக்கப்பட்டது. நிலக்கரித் தீர்வையில் அண்ணல் காட்டிய நெறியும் அதுவேயாகும்.

இளைஞர்களே! சாரம் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளதா, பள்ளத்தின் ஓரம் சரியாதவாறு முட்டுக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வராத இடத்தில், சட்டம் இருந்தும் உயிர் போகிறது. அவ்வாறு போகும் உயிர் பெரும்பாலும் ஏழையின் உயிரே. அந்த ஆய்வாளர் பதவியும் பொறியாளர் பதவியும் உங்களுக்கு எட்டாதவை அல்ல. படியுங்கள், தேர்வெழுதுங்கள், அப்பதவியில் அமர்ந்தபின், அண்ணல் சுரங்கத்தில் இறங்கியதுபோல், நீங்களும் வேலைத்தளத்தில் இறங்கிப் பாருங்கள். நம் சங்கம் 25 ஆண்டுகளாகக் கல்வி வளர்த்ததன் பயனும் அதுவே என நாம் கருதுகிறோம்.