கூத்தாடிப் புழுவும் ரொனால்டு ராஸும்

எம்மூராகிய வல்லக்கோட்டையினின்று ஒரகடம் செல்லும் வழியில், தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் தங்கும் வீடுகள் பல உள. வாயில்தோறும் தண்ணீர்ப் பீப்பாய் நிற்கும். மழைக்காலத்தே சுகாதாரப் பணியாளர் வந்து அவற்றில் அபேட் என்னும் மருந்தை விடுவர். கூத்தாடிப் புழுக்கள் மடியும். அதனைக் காணுந்தோறும் யாம் நினைப்பது ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியரையே.

அன்னார் 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இமயத்து அல்மோராவிற் பிறந்தார். கவிதையிலும் இசையிலும் நாட்டமுற்ற அவரைத் தந்தையாரே வைத்தியம் பயில வைத்தார். 1881-இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883-இல் பெங்களூரில் அவர் தங்கிய பங்களாவிற் கொசுத் தொல்லை மிகுந்தது. சன்னலுக்கு வெளியே இருந்ததொரு தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அதனைக் கவிழ்த்துவிட்டார், தொல்லை குறைந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலிருந்த தொட்டிகளையும் அவ்வாறே கவிழ்க்கலாமென்று மேலதிகாரி ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாதென்று அவர் மறுத்துவிட்டாராம். கொசு நோய் பரப்புமென்பது ராஸுக்கும் அன்று தெரியாது.

பின்னர் மான்சன் என்னும் வைத்தியரின் தூண்டுதலால் மலேரியாவை ஆராயத் தொடங்கினார். உசேன் கான் என்னும் நோயாளி, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி பெற்றுத் தம் உடலைக் கொசுக்களுக்கு ஈந்தார். இவர் பெயரையும் உலகம் நினைத்தல் தகும். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் சிக்கந்தராபாத்தில், அக்கொசுவொன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு, நோய் கொசுக்கடியாற் பரவுதலை மெய்ப்பித்தார். 1902-இல் நோபெல் பரிசு பெற்றார். இத்தாலிய அறிஞர் கிராஸியோடு அவர் நெடுங்காலம் பூசலிட்டது அவர் புகழுக்கு அழகன்று.

பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் பிரீடவுனிலும் எகிப்தின் இஸ்மாயிலியாவிலும் தேங்குநீரை வடித்தும் எண்ணெய் விட்டும் புழுக்களை ஒழிக்க வழிகாட்டினார். 1932-இற் காலமானார்.

அவர் கண்ட பகைவன் தேங்குநீரில் வளர்வது. மேற்கு ஆப்பிரிக்காவிற் கண்ணைக் குருடாக்கும் நோயைப் பரப்பும் கருப்பு ஈயோ, விரைந்தோடும் ஆற்றிற் கல்லைப் பற்றி வளரும். ஆற்றைக் கவிழ்ப்பதெங்ஙனம்? 1974-இல் ஏழு நாடுகளில் தொடங்கிய திட்டத்தில், ஹெலிகாப்டரிலிருந்து வாரந்தோறும் ஆறுகளில் மருந்திட்டனர். அம்மருந்தும் எம்மூர்ப் பீப்பாயில் விடும் அபேட்டே! சிலவிடங்களிற் புழுக்கள் அதற்கு மடியாதுபோகவே, மருந்துகளை மாற்றி மாற்றி இட்டனர். 2002 வரை அப்பணி நடந்தது.

சென்ற ஐப்பசியில் எம் தெருப் பாட்டியார் ஒருவர், மருந்து விட்ட நீர் ஆகாதென்று வைது, பணியாளர் தலை மறைந்ததும் பீப்பாயைத் தெருவிற் கவிழ்த்துவிட்டார். அறியாமலே அவர் செய்தது 1883-இல் ராஸ் செய்த காரியமே. யாம் நகைத்துக்கொண்டு வெறும் பீப்பாயை நிமிர்த்தி வைத்தோம்.