திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் (1910–1998) தமிழ்நாட்டைச் சேர்ந்த மிருதங்கக் கலைஞர் ஆவார். கருநாடக இசை மேடையில் மிருதங்கம் வாசித்த முதல் பெண்மணியாக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் பிறந்தார். தந்தை சிவராமன் பரதநாட்டிய ஆசிரியர். ரங்கநாயகி, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் (1875–1936) மிருதங்கம் பயின்றார். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவரான பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். லயக் கணக்குகளுக்குப் பெயர்பெற்ற இம்மரபு புதுக்கோட்டைப் பாணி எனப்படுகிறது.

காலச் சூழல்

அக்காலச் சதிர்க் கச்சேரிகளில் பெண்கள் ஆடினர், பாடினர். நட்டுவாங்கமும் மிருதங்கமும் பெரும்பாலும் ஆண்களின் பொறுப்பாக இருந்தன. பெண் பாடகர்களுக்கு வாசிப்பதையே முன்னணி மிருதங்க வித்துவான்கள் சிலர் தவிர்த்தனர். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் கழித்தே டி. கே. பட்டம்மாளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். பாடும் பெண்ணுக்கே வாசிக்கத் தயங்கிய மேடையில், ரங்கநாயகி அம்மாள் தாமே மிருதங்கத்துடன் அமர்ந்தார்.

பிற நாடுகளில்

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் வயோலா சிமித் (1912–2020), உலகப்போரின்போது ஆண்கள் படைக்குச் சென்றதால் ஏற்பட்ட இடங்களில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு பெரிய இசைக்குழுக்களை வலியுறுத்தி, 1942-இல் டவுன் பீட் இதழில் கட்டுரை எழுதினார்.

பின்வந்தோர்

பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தடை முற்றிலும் நீங்கவில்லை. மயிலாடுதுறையில் பிறந்த கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலுடன் மேடையேற ஆண் கலைஞர்கள் சிலர் மறுத்தனர். அவர் பெண்களை மட்டும் கொண்ட ஸ்த்ரீ தாள் தரங் என்னும் குழுவை அமைத்தார்.