எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (ஜனவரி 4, 1904 - ஆகஸ்ட் 26, 1969) தமிழகத்தைச் சேர்ந்த இதழாசிரியரும் எழுத்தாளரும் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆவார். ஆனந்த விகடன் வார இதழின் உரிமையாளராகவும், சென்னை ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் அறியப்படுகிறார். சென்னையில் எடுத்த ஒரு படத்தை இந்தியா முழுவதும் பார்க்கச் செய்த முதல் தயாரிப்பாளர்களுள் ஒருவர். இவருடைய இரு நிறுவனங்களுமே பிறர் தொடங்கி நடத்த இயலாமல் நின்றுபோனவற்றை இவர் விலைக்கு வாங்கியதால் உருவானவை. இவரது மறைவுக்குப் பின்னர் அவற்றுள் இதழ் நிலைத்தது. அதைவிடப் பெரியதாக விளங்கிய ஸ்டூடியோ சில ஆண்டுகளிலேயே மறைந்தது.

இளமை

வாசன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் (தற்போது திருவாரூர் மாவட்டம்) உள்ள திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். இயற்பெயர் சீனிவாசன். மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தபோதிலும் படிப்பை முடிக்கவில்லை. இதழ்களுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுக்கும் தொழிலிலும், அஞ்சல் வழியாகப் பொருள்களை விற்கும் தொழிலிலும் ஈடுபட்டார். கதைகளும் எழுதி வந்தார். எதை எப்படிச் சொன்னால் முகம் தெரியாத ஒருவர் பணம் அனுப்புவார் என்பதை அஞ்சல் வணிகத்தில்தான் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பின்னாளில் அவர் செய்த திரைப்பட விளம்பரங்களைப் பார்க்கும்போது இவ்வாறே கருதத் தோன்றுகிறது.

ஆனந்த விகடன்

ஆனந்த விகடன் 1926 ஆம் ஆண்டு பூதூர் வைத்தியநாதையர் என்பவரால் தொடங்கப்பட்ட நகைச்சுவை மாத இதழாகும். வாசன் அதில் விளம்பரம் செய்து வந்தார். இதழ் தொடர்ந்து வெளிவர இயலாத நிலை ஏற்பட்டபோது, 1928 இன் தொடக்கத்தில் அதன் உரிமையை அவர் வாங்கினார். பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்பர். எண்ணிப் பார்த்தால் ஆனந்த விகடன் என்பதில் புள்ளி எழுத்துகளையும் சேர்த்துச் சரியாக எட்டு எழுத்துகள் உள்ளன.

வாசனின் பொறுப்பில் இதழ் விரைவாக வளர்ந்தது. பின்னர் வார இதழாகியது. ரா. கிருஷ்ணமூர்த்தி (கல்கி) இதில் ஆசிரியராகப் பணியாற்றிய 1930களில் விகடன் தமிழ் நடுத்தர வகுப்பினரின் வீட்டுப் பொருள் போன்று ஆயிற்று. குறுக்கெழுத்துப் போட்டிகளும் விற்பனையைப் பெருக்கின. கல்கி தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு விகடனிலிருந்து விலகினார். 1941 இல் டி. சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி இதழைத் தொடங்கினார். தமிழின் மிகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து எதிரில் ஒரு போட்டி இதழை நடத்தியபோதும் விகடன் தளரவில்லை. தேவன் (ஆர். மகாதேவன்) நிர்வாக ஆசிரியரானார், 1957 இல் காலமாகும் வரை விகடனிலேயே இருந்தார். தலைமை மாறினாலும் நிற்காத அமைப்பாக விகடன் இக்காலத்திலேயே பழகிவிட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இது உதவும்.

திரைத்துறை

வாசன் விகடனில் எழுதிய சதி லீலாவதி என்னும் தொடர்கதை 1936 இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. ம. கோ. இராமச்சந்திரன் சிறு வேடமொன்றில் நடித்த முதல் படம் இதுவே. இதனைத் தொடர்ந்து வாசன் படங்களை வாங்கி வெளியிடும் விநியோகத் தொழிலில் இறங்கினார். கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி (1939) படத்துடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது. கல்கியின் அக்கதை, படத்தின் காட்சிகளோடு விகடனில் தொடராக வெளிவந்தது. பத்திரிகையும் திரைப்படமும் ஒன்றையொன்று தூக்கிவிடும் இந்த ஏற்பாடு அக்காலத்தில் புதியது.

சுப்பிரமணியம் சென்னை மவுண்ட் ரோட்டில் நடத்தி வந்த ஸ்டூடியோ தீ விபத்துக்குள்ளானது. எரிந்து எஞ்சிய ஸ்டூடியோ ஏலத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ 86,000 ரூபாய்க்கு வாசன் அதனை எடுத்தார். அதைச் சீர்படுத்தி ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். இரட்டைச் சிறுவர்கள் ஊதுகுழல் ஊதும் சின்னம் அதன் அடையாளமாயிற்று.

தண்டபாணி தேசிகர் நடித்த நந்தனார் (1942), வசுந்தரா தேவி நடித்த மங்கம்மா சபதம் (1943) ஆகியன தொடக்க காலப் படங்களுள் குறிப்பிடத்தக்கவை. தெலுங்கில் பால நாகம்மா (1942) பெரும் வெற்றி பெற்றது.

சந்திரலேகா

மங்கம்மா சபதத்தின் வெற்றிக்குப் பின் வாசன் சந்திரலேகா என்ற பெயரில் அடுத்த படத்துக்கு விளம்பரம் கொடுத்துவிட்டார். அப்போது கதை முடிவாகவில்லை. பெயர் மட்டுமே இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே. ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், கிட்டு, நைனா ஆகியோரைக் கொண்ட ஜெமினி கதை இலாகா அப்பெயருக்கு ஏற்ற கதையைத் தேடியது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவலொன்றிலிருந்து கிடைத்த பொறியைக் கொண்டு வேப்பத்தூர் கிட்டு கதையை வளர்த்தார்.

படத்தை இயக்கத் தொடங்கியவர் டி. ஜி. ராகவாச்சாரி (ஆச்சார்யா). இடையில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு அவர் விலகினார். வேறோர் இயக்குநரைத் தேடாமல் வாசன் தாமே பொறுப்பை ஏற்றார்; அதுவரை அவர் ஒரு படத்தையும் இயக்கியதில்லை. கதை, சர்க்கஸ், வாட்போர், இறுதியில் வரும் முரசு நடனம் என்று படம் விரிந்துகொண்டே சென்றது. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாயை எட்டியது. அன்று அத்தொகையில் பல சாதாரணப் படங்களை எடுத்திருக்கலாம். சொத்துகளை அடகு வைத்தும் கடன் வாங்கியும் படம் முடிக்கப்பட்டது. படம் வீழ்ந்திருந்தால் ஸ்டூடியோவும் அதனோடு போயிருக்கும்.

டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் நடித்த சந்திரலேகா ஏப்ரல் 9, 1948 இல் தமிழில் வெளியாயிற்று. மக்கள் திரண்டு பார்த்தபோதும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் இச்செலவை ஈடுகட்டப் போதாது. ஆகவே வாசன் சில மாற்றங்களுடன் இந்தியில் அதனை எடுத்து அதே ஆண்டு டிசம்பரில் வட இந்தியாவில் வெளியிட்டார். தென்னிந்தியப் படம் எதற்கும் அதுவரை அங்கு நடந்திராத அளவில் விளம்பரம் செய்யப்பட்டது. இந்திப் பதிப்பின் வெற்றியே ஜெமினியைக் காப்பாற்றியது. பின்னர் சென்னையின் பிற ஸ்டூடியோக்களும் இந்திப் படங்களில் இறங்கின.

விலகிச் சென்ற ஆச்சார்யாவே மறு ஆண்டு ஜெமினிக்காக அபூர்வ சகோதரர்கள் (1949) படத்தை இயக்கினார் என்பது பலர் கவனிக்காத செய்தி. வாசன் சினத்தைத் தொழிலுக்குள் நீண்ட நாள் வைத்திருப்பவரல்லர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

நிறுவனத்தை நடத்திய முறை

ஜெமினி ஸ்டூடியோ ஒரு தொழிற்சாலையைப் போல இயங்கியது. எழுத்தாளர், இசைக்கலைஞர், ஓவியர், ஒப்பனையாளர், ஒளிப்பதிவாளர், தச்சர், நடிகர் எனப் பலர் மாதச் சம்பளத்துக்குப் பணிபுரிந்தனர். கதை இலாகா, கலை இலாகா, நடிகர் தேர்வு இலாகா எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. நடிகர் தேர்வுப் பிரிவில் பணியாற்றிய கணேசன் பின்னர் புகழ் பெற்ற நடிகராகி ஜெமினி கணேசன் என்றே அழைக்கப்பட்டார். எழுத்தாளர் அசோகமித்திரன் 1950களின் தொடக்கத்திலிருந்து 1966 வரை இங்கு ஊழியராக இருந்தார். அந்நாட்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளே ஜெமினியின் உள் வாழ்க்கையை அறிய இன்று நமக்கு உள்ள சிறந்த சான்றுகள். ஊழியர்கள் வாசனை பாஸ் என்றே குறிப்பிட்டனர்.

பிரிவுகள் பல இருந்தும் முடிவு ஒருவருடையதே. கதையைத் தேர்வது, விளம்பரத்தின் வாசகம், எடுத்த காட்சியைத் திரும்ப எடுப்பது ஆகிய அனைத்தும் வாசனின் மேசைக்குச் சென்றே திரும்பின. எத்தனை கிளைகள் இருந்தாலும் ஒரே புள்ளியைச் சார்ந்து நிற்கும் எந்த அமைப்புக்கும் உள்ள பலமும் பலவீனமும் ஜெமினிக்கும் இருந்தன. விகடனில் கல்கியும் தேவனும் இருந்தது போல, ஜெமினியில் வாசனுக்கு அடுத்த இடத்தில் தாமாகவே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் உருவாகவில்லை.

1950களில் இந்த முறை நன்றாகவே பலன் தந்தது. கே. பி. சுந்தராம்பாள் நடித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் (1953), திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஒரே படமான இன்சானியத் (1955), பத்மினி - வைஜயந்திமாலா போட்டி நடனத்துக்காக இன்றும் பேசப்படும் வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958), ஆலைத் தொழிலாளர் வாழ்வைப் பேசிய பைகாம் (1959), அதன் தமிழ் வடிவமான இரும்புத்திரை (1960) முதலியன இக்காலத்தவை.

பிற்காலம்

1960களில் திரைத்தொழிலின் கணக்கு மாறியது. நட்சத்திர நடிகர்கள் ஸ்டூடியோக்களின் சம்பளப் பட்டியலில் இல்லை. படத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்றனர். அவர்களுடைய கால்ஷீட் கிடைத்த எவரும் தளத்தை வாடகைக்கு எடுத்துப் படம் தயாரிக்க முடிந்தது. சொந்தத் தளமும் நூற்றுக்கணக்கான ஊழியரும் வைத்திருந்த நிறுவனங்களுக்கோ, படம் நடந்தாலும் நடவாவிட்டாலும் மாதச் செலவு குறையவில்லை. வண்ணப் படங்களின் வருகை முதலீட்டை மேலும் உயர்த்தியது. இது ஜெமினிக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழைய ஸ்டூடியோக்கள் பலவும் இந்நெருக்கடிக்கு உள்ளாயின.

வாசன் 1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார். படத் தயாரிப்பையும் விடவில்லை. 1968 இல் ஜெமினி தயாரித்த ஒளி விளக்கு எம். ஜி. ஆரின் நூறாவது படமாகும். அவருடைய முதல் படத்துக்குக் கதை தந்தவரே நூறாவது படத்தின் தயாரிப்பாளராகவும் அமைந்தார். இந்திப் படமான சத்ரஞ்ச் (1969) வாசன் இயக்கிய கடைசிப் படம். அதே ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷன் விருது வழங்கியது.

மறைவும் தலைமை மாற்றமும்

வாசன் ஆகஸ்ட் 26, 1969 இல் சென்னையில் காலமானார். இரு நிறுவனங்களின் பொறுப்பும் மகன் எஸ். பாலசுப்ரமணியனிடம் (எஸ். எஸ். பாலன்) வந்தது. அப்போது அவருக்கு வயது 33. அவர் தொழிலுக்குப் புதியவரல்லர். தந்தை இருந்தபோதே சிவாஜி கணேசன் நடித்த மோட்டார் சுந்தரம் பிள்ளை (1966) படத்தை இயக்கியிருந்தார். தந்தைக்குப் பின் ஜெமினிக்காக லாக்கோன் மே ஏக் (1971), சஞ்சோக் (1972) ஆகிய இந்திப் படங்களை இயக்கினார். இரண்டும் ஏற்கெனவே வெற்றி பெற்ற தமிழ்ப் படங்களின் தழுவல்கள். முரசு நடனத்துக்காகக் கடன் வாங்கிய நிறுவனம் இப்போது சோதித்துப் பார்த்த கதைகளையே நாடியது. அன்றைய சூழலில் அது பிழையான கணக்கன்று. ஆயினும் அந்தக் கணக்கில் அத்தனை பெரிய ஸ்டூடியோவை நடத்தவும் இயலாது. 1974 இல் எம். ஜி. ஆர். நடித்த சிரித்து வாழ வேண்டும் படத்தைப் பாலன் வேறொரு நிறுவனத்துக்காக இயக்கினார். ஜெமினியின் எல்லோரும் நல்லவரே (1975) தோல்வியுற்றது. ஸ்டூடியோ அதன்பின் நீடிக்கவில்லை. ஜெமினி என்னும் பெயர் வண்ணப்பட ஆய்வகத்தில் மேலும் பல ஆண்டுகள் வழங்கியது.

ஸ்டூடியோவை இழந்ததற்காகப் பாலனைக் குறை கூறும் வழக்கம் திரைத்துறை பற்றிய எழுத்துகளில் உண்டு. வாசனே உயிருடன் இருந்திருந்தாலும் மாதச் சம்பள ஸ்டூடியோவை 1980கள் வரை நடத்தியிருக்க முடியுமா என்பது ஐயமே. அவருடைய கடைசிப் பத்தாண்டிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. பாலன் தம் உழைப்பை விகடனில் செலுத்தினார். ஜூனியர் விகடன் அவர் காலத்தில் தொடங்கப்பட்டது. 1987 இல் விகடன் அட்டையில் வந்த கேலிச்சித்திரத்துக்காகத் தமிழகச் சட்டமன்றம் அவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்துவிட்டார். எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் எம். ஜி. ஆர். பாலசுப்ரமணியன் டிசம்பர் 19, 2014 இல் காலமானார். விகடன் குழுமம் அவருடைய மகனின் நிர்வாகத்தில் தொடர்ந்தது.

நினைவு

ஸ்டூடியோ இருந்த சந்திப்பில் 1973 இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் பெயர் அண்ணா மேம்பாலம். சென்னை மக்கள் வழக்கில் அது ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகிறது. வாசனின் நூற்றாண்டையொட்டி 2004 இல் இந்திய அஞ்சல் துறை அவரது நினைவு அஞ்சல் தலையை வெளியிட்டது.